வடக்கை மறைத்த தென்னை

அவர் உட்கார்ந்து நான் பார்த்தது மிகவும் அபூர்வம். காப்பியை நின்றுகொண்டே குடிப்பார், பேப்பரை நடந்துகொண்டே வாசிப்பார். ஓட்டலில் வேறு வழியில்லாமல் உட்கார்ந்தால் இலையை மேசையின் விளிம்புக்கு நேராக நகர்த்தி, தள்ளி, மறுபடி நகர்த்தி வைப்பார். பரிமாறுகிறவர் சாம்பார் வாளியோடு காத்து நிற்பார். நாகர்கோவிலைத் தாண்டி வயலை ஒட்டிய ஓர் ஊரில் அவருடைய மாடி வீட்டில் நான் நான்கு வருஷம் வாடகைக்கு இருந்தேன். கீழே அவரும் அவர் மனைவியும், நடுவில் நான், எனக்கு மேலே மொட்டை மாடி. விடியற்காலையிலும் அந்தியிலும் என் தலைக்கு மேல் அவர் நடப்பது கேட்கும். பதினெட்டு எட்டு வைப்பார், திரும்புவார், மறுபடி பதினெட்டு. எண்ணித் தொலைக்கிற பழக்கம் எனக்கு அவரிடமிருந்துதான் ஒட்டியது.

அரசாங்கத்தில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகும் எல்லைத் தகராறு என்றால் அவரைத்தான் தேடி வருவார்கள். இரண்டு தரப்பும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடிதடிக்கு நிற்கிற இடத்தில் போய் டேப்பை இழுத்து, நோட்டில் எழுதி, சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டு வருவார். அதற்கப்புறம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஒருமுறை சொந்த மாமனாருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் இடவழித் தகராறு. மருமகன்தானே அளக்கிறார் என்று மாமனார் தெம்பாக நின்றிருக்கிறார். அளந்து முடித்ததும் மாமனாரின் மாட்டுத் தொழுவம் பாதி பக்கத்து வீட்டுக்காரருக்குப் போயிற்று. மனைவி வீட்டார் இந்த வீட்டில் குடிபுகுந்த அன்றைய பால்காய்ப்புக்கு வரவில்லை. இதைச் சொல்லும்போதும் அவர் முகத்தில் வருத்தம் இருக்காது.

"ஏறக்குறையன்னு ஒண்ணு கிடையாது, கேட்டியா. ஒண்ணு ஏறும், இல்லாட்டி குறையும். எதுன்னு சொல்லு" என்பார். அரைக் கிலோ தக்காளி வாங்கும் இடத்திலும் இதைச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

எனக்குக் கோட்டாறில் செல்போன் பழுது பார்க்கும் கடை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு டேப்பின் மறுநுனியைப் பிடிக்கப் போவேன். ஆசையில் அல்ல, மாட்டேன் என்று சொல்லத் தெரியாததால். எல்லைக்கல்லின் தலையில் கூட்டல் குறி வெட்டியிருக்கும். டேப்பின் வளையத்தை அந்தக் குறியின் நடுவில் வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் என் வேலை. இருபது மீட்டருக்கு அப்பால் நின்றுகொண்டு கை விலகியதைக் கண்டுபிடித்துவிடுவார். "நடுவுல பிடி டே. ஒரு முடி கூட மாறப்பிடாது."

தொலைநோக்கி ஆசை அவருக்கு வேலையில் இருக்கும்போதே வந்தது. கடியப்பட்டணம் பக்கம் கடற்கரையை அளக்கப் போயிருக்கிறார். வரைபடத்தில் உள்ள கல் தரையில் இல்லை. நான்கு கல்லைத் தேடியதில் மூன்று கடலுக்குள் போய்விட்டன. கல் இல்லாமல் எங்கிருந்து அளப்பது? கிராம அதிகாரி வரட்டும் என்று காத்திருந்ததில் பொழுது இருட்டிவிட்டது. சும்மா நிற்க முடியாமல் அளவைக் கருவியின் குழலை மேலே திருப்பி நிலாவைப் பார்த்திருக்கிறார்.

"தலைகீழாத் தெரிஞ்சுது. குழி குழியா இருந்துது. ஆனா இருக்க வேண்டிய எடத்துல இருந்துது பாத்துக்கோ" என்றார். "கீழே உள்ளதை நம்பி எத்தனை வருசம் அளந்தேன். கல்லையே கடல் கொண்டு போவுது."

நான் குடிவந்த இரண்டாம் வருஷம் ஆவணியில் ஒரு மத்தியானம் கட்டம் போட்ட நோட்டோடு என் கடைக்கு வந்து நின்றார். ஏழு தொலைநோக்கிகளைக் குறித்துக்கொண்டு வந்திருந்தார். குழலின் நீளம், வாயகலம், எடை, எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம்.

"இந்தப் பெட்டியில ஐநூறு மடங்கு பெருசாக் காட்டும்னு போட்டிருக்கான், பாத்தியா? குழலுக்க நீளம் எழுநூறு மில்லி. கண்ணு வைக்கிற கண்ணாடி நாலு மில்லி. எழுநூறை நாலால வகுத்தா என்ன வரும்?"

"நூத்தியெழுவத்தஞ்சு."

"பொறவு ஐநூறு எங்கேருந்து வந்து? நடுவுல ஒரு துண்டுக் கண்ணாடியை வச்சு இழுத்திருக்கான். படத்தை இழுத்தா பெருசாவும், தெளிஞ்சிருமா? கள்ளப்பய." அந்த வரிசையைக் கோடு போட்டு அடித்தார்.

எத்தனை மடங்கு என்று கேட்கிறவன் ஏமாறுவான், வாய் எவ்வளவு அகலம் என்று கேட்க வேண்டும் என்பதை அவராகவே கண்டுபிடித்திருந்தார். வாயகலம் கூடினால் வெளிச்சம் கூடும். லென்ஸ் வைத்தது இன்ன விலை, கண்ணாடி வைத்தது இன்ன விலை என்று எனக்கே பாடம் நடத்தினார். நான் என் பங்குக்கு இரண்டு ராத்திரி வீடியோ பார்த்துவிட்டு வந்து ஒன்றைச் சொன்னேன். ஆறங்குலக் கண்ணாடி வைத்தது. பிளைவுட் பலகையில் செய்த வட்டத் தாங்கியில் உட்கார்ந்திருக்கும், வேண்டிய பக்கம் கையால் தள்ளித் திருப்பிக்கொள்ளலாம். முதல்முதலாக வாங்குகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இதை வாங்கலாம் என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள்.

அவர் படத்தை விரலால் பெரிதாக்கி நாலாபக்கமும் தேடினார்.

"இதுல அளவு எங்க?"

"அளவு இல்ல அண்ணாச்சி. கையால தள்ளிப் பாக்கணும்."

"கையால தள்ளுகதுக்கு அது என்ன தொட்டிலா?"

சரி என்று அடுத்ததைக் காட்டினேன். அங்கேதான் வினை பிடித்தது. மூன்று காலில் நிற்கும் இரும்பு ஸ்டாண்டு, பக்கவாட்டில் எடைக்கல், எண்கள் பொறித்த இரண்டு வளையங்கள். ஸ்டாண்டின் அச்சைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக நிறுத்திவிட்டால் போதும், அதற்குப் பிறகு ஒரே திருகைத் திருப்பி எந்த நட்சத்திரத்தையும் பின்தொடரலாம். அந்த எண்களைப் பார்த்ததும் மனிதர் என் கடை ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்தார். அது பழகினவர்களுக்கானது, புதியவர்கள் திணறுவார்கள் என்று அதே வீடியோக்களில் சொல்லியிருந்தார்கள். அவர் உட்கார்ந்ததைப் பார்த்ததும் எனக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இன்னும் ஏதோ இருந்தது. அதை நானும் படிக்கவில்லை, எல்லாவற்றையும் படிக்கிற அவரும் படிக்கவில்லை.

பெட்டி ஐப்பசியில் வந்து சேர்ந்தது. மழையும் அன்றைக்கே வந்தது. எங்கள் மாவட்டத்துக்கு வருஷத்தில் இரண்டு மழைக்காலம், இரண்டுக்கும் நடுவில் மேகம். கண்ணாடியில் பூஞ்சை பிடித்துவிடும் என்று என் கடையில் செல்போன் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை எல்லாம் வாங்கிப்போய் அடைத்து வைத்தார். ஒன்றரை மாதம் என் தலைக்கு மேல் குடையோடு நடந்தார். மார்கழியில் ஒரு சாயங்காலம் வானம் வெளுத்தது. இரண்டு பேருமாக ஸ்டாண்டை மேலே தூக்கிப்போனோம்.

மாடியின் மேற்குப் பாதியில் தண்ணீர்த் தொட்டியும் படிக்கட்டு அறையும். அங்கிருந்து வடக்கே பார்த்தால் ஒரு மூன்று மாடி வீடு மறைக்கும். மிச்சம் இருப்பது கிழக்கு ஓரம்தான். அங்கிருந்து வடக்கே வயல், வயலுக்கு அப்பால் மலை, நடுவில் ஒரே ஒரு தென்னை. எங்கள் ஊரில் துருவ நட்சத்திரம் தலைக்கு மேல் நிற்காது, அடிவானத்திலிருந்து எட்டு டிகிரி உயரத்தில் கிடக்கும். தென்னையின் மண்டை சரியாக அந்த இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. காற்று அடித்து ஓலை விலகினால் இரண்டு நொடி எதுவோ மினுங்கும். அந்த இரண்டு நொடிக்காக அவர் இரண்டு வாரம் நின்றார்.

தென்னை அவருடைய அக்காவுடையது. அப்பாவின் மனையை இரண்டாகப் பிரித்ததில் மேற்கு இவருக்கு, கிழக்கு அக்காவுக்கு. அக்கா கணவர் இறந்தபின் அங்கே தனியாக இருந்தார், மகள் மஸ்கட்டில். இரண்டு வீட்டுக்கும் நடுவில் மதிலோ கல்லோ கிடையாது, மனைகளின் வெளி ஓரங்களில் மட்டும்தான் கல். தம்பி போய் மரத்தை வெட்டலாமா என்று கேட்டபோது அக்கா முறத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"காய்க்கிற மரத்தை எதுக்குலே வெட்டணும்? போய் வேற சோலி இருந்தா பாரு."

அவரும் திரும்பி வந்துவிட்டார். ஆனால் அதற்கப்புறம் அவர் நடை என் தலைக்கு மேல் விடியும்வரை ஓயவில்லை.

தைப் பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டார். கையில் டேப் இருந்தது. "நம்ம இடத்தையே இதுவரை அளக்கலை பாத்துக்கோ" என்றார். மரம் எல்லைக் கோட்டின் மேலேயே நின்றது. அப்படி நிற்கும் மரத்துக்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. அடிமரம் பாதிக்கு மேல் யார் பக்கம் இருக்கிறதோ மரம் அவருக்கு. அவருடைய மனையின் அகலத்தை மேற்குக் கல்லிலிருந்து அளந்து வந்து கோடு போட்டால் தெரிந்துவிடும். நான் மேற்குக் கல்லில் போய்க் குந்தி, வளையத்தைக் கூட்டல் குறியின் நடுவில் வைத்தேன். மரத்தடியிலிருந்து அவர் டேப்பை வாசித்தார். இன்னொரு முறை வாசித்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"நடுவுல வேண்டாம். கல்லுக்க உள்விளிம்புல பிடி."

எனக்குப் புரியவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அந்தக் கணமே புரிந்தது. வளையத்தைக் கல்லின் கிழக்கு விளிம்புக்கு நகர்த்தினேன். மூன்று அங்குலம் இருக்கும். அந்த மூன்று அங்குலமும் டேப்பின் நீளம் முழுக்க நகர்ந்துபோய் மரத்தடியில் அவருடையதாயிற்று. சுண்ணாம்புக் கோடு அடிமரத்தின் நடுவைத் தாண்டி விழுந்தது.

அக்கா துணி உலர்த்திக்கொண்டிருந்தவர் வந்து பார்த்தார்.

"உன் பக்கமா வந்திருக்கு?"

"பாதிக்கு மேல இந்தப் பக்கம்."

"நான் இத்தனை வருசமா எனக்குள்ளதுன்னுல்லா நெனச்சிட்டு இருந்தேன்" என்றார் அக்கா. "செரி, நீ அளந்தா பொறவு என்ன. வெட்டிக்கோ."

சண்டை போட்டிருக்கலாம். வேறு சர்வேயரைக் கொண்டுவா என்றிருக்கலாம். ஈரத்துணியை உதறிக்கொண்டு போய்விட்டார். மூன்றாம் நாள் ஆட்கள் வந்து மரத்தை வெட்டினார்கள். தென்னையை வெட்டினால் உள்ளே இருக்கும் குருத்தைச் சீவி அக்கம்பக்கத்துக்குப் பங்கு வைப்பது உண்டு. அவருடைய மரம் ஆனதால் அவர்தான் பங்கு வைத்திருக்க வேண்டும். அவர் வீட்டுக்குள்ளேயே இருந்தார். அக்காவே அரிவாள்மணையை எடுத்துப் போட்டு அரிந்தார். எனக்கு ஒரு தட்டு நிறைய வந்தது. "நல்ல இனிப்பு மக்கா, தின்னு பாரு." இனிப்பாகத்தான் இருந்தது. தட்டு முழுவதையும் தின்றேன், என்மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் துருவ நட்சத்திரம் தெரிந்தது. மலைக்குச் சற்று மேலே, அப்படியொன்றும் பிரகாசமில்லாத நட்சத்திரம். அவர் ஸ்டாண்டின் அச்சை அதை நோக்கி இறக்கத் தொடங்கினார். திருகு முப்பதில் இறங்கியது, இருபதில் இறங்கியது, பதினைந்தில் நின்றுவிட்டது. தட்டிப் பார்த்தார், எண்ணெய் விட்டார், நான் என் கடைச் சாமான்களை எடுத்துவந்து முயன்றேன். எடைக்கல் ஸ்டாண்டின் காலில் இடித்துக்கொண்டு நின்றது. அப்போதுதான் போனை எடுத்து அந்தப் பக்கத்தின் பொடி எழுத்தைப் படித்தேன். அட்சரேகை பதினைந்து டிகிரிக்குக் கீழே உள்ள ஊர்களுக்கு இந்த ஸ்டாண்டு பொருந்தாது.

"நம்ம ஊரு எத்தனை அண்ணாச்சி?" என்று தெரிந்துகொண்டே கேட்டேன்.

"எட்டு டிகிரி பத்து நிமிசம்" என்றார். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவர்.

நிலாவைப் பார்க்க அதெல்லாம் தேவையே இல்லை என்பது பத்து நாள் கழித்துத் தெரிந்தது. குழலை எப்படி வைத்தாலும் நிலா தெரியும், சனியின் வளையமும் தெரியும், கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை கையால் தள்ள வேண்டும், அவ்வளவுதான். அக்காவைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று அவர் மனைவி சொன்னார். அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தார். தலைக்கு மேலே பாதி நிலா. கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "எம்மாடி, அம்மைத் தழும்பு மாதிரி இருக்கு" என்று சிரித்தார். நிமிர்ந்தவர் வடக்கே வெட்டவெளியைப் பார்த்தார்.

"நிலா இங்கெயில்லா நிக்கு. மரம் அந்தப் பக்கமில்லா நின்னுது?"

சும்மாதான் கேட்டார். தம்பி குனிந்து குழலின் மூடியைத் துடைத்தார். நான் படிக்கட்டைப் பார்த்தேன்.

பங்குனியில் அக்காவின் மகள் விடுமுறைக்கு வந்தாள். அம்மாவின் மனையில் பின்பக்கமாக வீடு கட்டப் போகிறார்கள், பாங்கில் கடனுக்கு வரைபடம் வேண்டும். அக்கா தம்பியிடம்தான் வந்தார். "நீயே வரைஞ்சு ஒப்புப் போட்டுக் குடுத்திரு. அண்ணைக்கு நீ சுண்ணாம்பு போட்டேல்லா, அந்தக் கோட்டையே வரைஞ்சா போரும்."

வாயால் சொன்ன மூன்று அங்குலம் இனி தாளில் ஏற வேண்டும், அதன் கீழே அவர் கையெழுத்து. அந்தத் தாளை வைத்து அஸ்திவாரம் தோண்டுவார்கள். மூன்று வாரம் அவர் வரையவில்லை. மகள் ஊருக்குத் திரும்பும் தேதி நெருங்கியது. தகராறு அளக்க வந்தவர்களை, வேறு ஆளைப் பாருங்கள் என்று வாசலோடு திருப்பி அனுப்பினார். தலைக்கு மேல் நடை பதினாறு ஆகும், இருபது ஆகும், நடுவில் நின்றுவிடும். நான் கீழே படுத்துக்கொண்டு, இன்றைக்காவது மேலே போய் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைப்பேன். வேண்டாம், அவர் வீட்டு விஷயம், நமக்கெதற்கு என்று புரண்டு படுப்பேன். உண்மையில் எனக்குப் பயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கதவைத் தட்டினார். கண் சிவந்திருந்தது. டேப்பின் வளையத்தை என் கையில் கொடுத்து, "நடுவுல பிடி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் போய் மேற்குக் கல்லில் குந்தி, கூட்டல் குறியின் நடுவில் வளையத்தை வைத்து அழுத்தினேன். அவர் வெட்டிய மரத்தின் அடிக்குற்றிவரை டேப்பை இழுத்துப் போனார். அக்காவும் மகளும் வெளியே வந்து நின்றார்கள்.

அவர் குற்றியின் மேல் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டார். மரத்தின் பெரிய பாதி கோட்டுக்குக் கிழக்கே, அக்காவின் பக்கம் இருந்தது.

"அக்கா, மரம் உனக்குள்ளதாக்கும்" என்றார். "அண்ணைக்கு நான் அளந்தது கள்ள அளவு."

அக்கா குற்றியைப் பார்த்தார். "எவ்வளவு?"

"மூணு இஞ்சு."

"தெரிஞ்சா செய்தே?"

"தெரிஞ்சுதான் செய்தேன்."

மகள் ஏதோ சொல்ல வந்தாள். அக்கா அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். தம்பியைத் திட்டவில்லை. அழவும் இல்லை. குற்றியிலிருந்து டேப்பின் வழியே மெதுவாகக் கண்ணை ஓட்டிக்கொண்டு வந்தார், மனையின் அகலம் முழுவதும், நான் குந்தியிருந்த கல்வரைக்கும்.

"அண்ணைக்கும் அந்த நுனியைப் பிடிச்சது நீதானே மக்கா?"

"ஆமா அக்கா."

"அவனுக்குக் கிறுக்குப் பிடிச்சுது, செய்தான். உனக்கு என்ன? நீ ஏன் ஒரு வார்த்தை மிண்டாம இருந்தே?"

அவர் எனக்காக ஏதாவது சொல்வார், நான்தான் அப்படிப் பிடிக்கச் சொன்னேன் என்றாவது சொல்வார் என்று நிமிர்ந்து பார்த்தேன். அவர் குனிந்து, டேப்பில் இருந்த எண்ணை வாசித்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.